அணுக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்?

மணிமுள் கேட்டது:

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. தேடிப் பார்த்தும் நேரான பதில் கிடைக்காததால் இங்கே கேட்கிறேன். கைக்கடிகாரம் சரியா என்று பார்க்க போனைப் பார்க்கிறோம். போன் எங்கோ இருக்கும் ஒரு நேர சர்வரைக் கேட்டுக்கொள்கிறது. அந்த சர்வர் போய்ப் போய்க் கடைசியில் ஓர் அணுக் கடிகாரத்தில் நிற்கிறது. சரி, அணுக் கடிகாரம் யாரைக் கேட்கும்? அதற்கு மேலே ஒன்றும் இல்லையே.

அப்புறம், "30 கோடி ஆண்டுகளுக்கு ஒரு நொடிதான் பிசகும்" என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். உருப்படியாக வேலை செய்த முதல் சீசியம் கடிகாரம் வந்ததே 1955-இல்தான். எழுபது சொச்சம் வருடம் மட்டுமே ஓடிய ஒரு வகைக் கருவியை வைத்துக்கொண்டு 30 கோடி வருடத்துக்கு எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள்?

கடைசியாக, என்னை ரொம்பக் குழப்புவது இதுதான். நொடி என்பதையே சீசியத்தை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறார்கள், 9,192,631,770 அலைவுகள் என்று. அப்படியானால் சீசியம் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதுதானே நொடி? அதில் "பிழை" என்று பேசுவதற்கே என்ன அர்த்தம்? பள்ளி அளவு இயற்பியல் தெரியும், சூத்திரம் அதிகம் இல்லாமல் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

படிகம்32768 எழுதியது:

பெரிய கேள்விக்கு மற்றவர்கள் வரட்டும், அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மேலே போனால் குழப்பம் கூடும். அணுக் கடிகாரத்தில் எண்ணும் வேலையை அணு செய்வதில்லை. எண்ணுவது உங்கள் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைப் பொருள், ஒரு குவார்ட்ஸ் படிகம்.

கைக்கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும் (2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும்). அதன் பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு படிகமும் வெட்டிய விதத்துக்கு ஏற்பக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், வெப்பநிலை மாறினால் மாறும், வயதானால் மாறும். சுமார் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டியிருப்பார்கள். சூடானாலும் குளிர்ந்தாலும் இரண்டு பக்கமும் மெதுவாகத்தான் ஆகும். 10 லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல்.

அணுக் கடிகாரத்தில் நல்ல தரமான படிகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அது வழி தவறும்போதெல்லாம் அணுவிடம் கேட்டுத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான் அடிப்படை.

இன்னொன்று, பெயரைப் பார்த்து நிறையப் பேர் கதிரியக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். இதில் எந்தச் சிதைவும் இல்லை. சீசியம்-133 முழுக்க நிலையானது. அணு உலை விபத்துச் செய்திகளில் வருவது சீசியம்-137, அது வேறு.

---

அலைவரிசை எழுதியது:

மேலே படிகம் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். மணிமுள் கேட்டதில் மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் திறக்கும் சாவி, அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வரையறை சீசியம் *கடிகாரத்தைப்* பற்றிப் பேசவே இல்லை. அது சீசியம் *அணுவைப்* பற்றிப் பேசுகிறது, அதுவும் எந்தத் தொந்தரவும் இல்லாத அணு. 1967-இல் எழுதிய வரையறை இது: சீசியம்-133 அணுவின் அடி ஆற்றல் நிலை மிக நுண்ணிய இடைவெளியில் இரண்டு மட்டங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது வரும் கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள் ஒரு நொடி. பிறகு 1997-இல் ஒரு விளக்கத்தையும் சேர்த்தார்கள், அந்த அணு தனிப்பூஜ்ய வெப்பநிலையில் (சுமார் மைனஸ் 273 டிகிரி, அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது) இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று. அப்படி ஓர் அணு எந்த ஆய்வகத்திலும் கிடையாது. நிஜ ஆய்வகத்தில் காந்தப்புலம் இருக்கிறது, சுவர்கள் வெப்பக் கதிர்களை வீசுகின்றன, அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, நகர்கின்றன. ஒவ்வொன்றும் அந்த அதிர்வெண்ணைத் துளித் துளியாக நகர்த்திவிடும். வரையறையில் சொன்ன அணுவுக்கும் நம் கருவிக்குள் இருக்கும் அணுவுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரம்தான் "பிழை".

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பழைய வகையில், அதாவது பிரிட்டனின் டெடிங்டனில் எசன், பேரி என்ற இயற்பியலாளர்கள் 1955-இல் செய்த வகையில், ஒரு சின்ன அடுப்பில் சீசியத்தைச் சூடாக்கி அணுக்களை வெற்றிடக் குழாயில் கற்றையாக ஓடவிடுவார்கள். காந்தத்தை வைத்து ஒரே மட்டத்தில் இருக்கும் அணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து, மைக்ரோவேவ் அலை இருக்கும் அறை வழியே இரண்டு முறை அனுப்புவார்கள். அந்த அலை படிகத்திலிருந்து வருவது, படிகத்தின் அதிர்வெண்ணைப் பெருக்கிப் பெருக்கி 919 கோடிச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தது. அலை மிகச் சரியான அதிர்வெண்ணில் இருந்தால் நிறைய அணுக்கள் அடுத்த மட்டத்துக்குத் தாவும், கொஞ்சம் விலகினாலும் குறைவாகத் தாவும். பழைய ரேடியோவில் குமிழைத் திருகி, ஸ்டேஷன் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவோமே, அதே வேலையை ஒரு மின்சுற்று விடாமல் செய்துகொண்டிருக்கும். அணுக்கள் அதிகம் தாவும் அந்த உச்சிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி படிகத்தை இழுத்துப் பிடிக்கும். இரண்டு முறை அலைக்குள் அனுப்பும் யோசனை நார்மன் ராம்சேயுடையது, அதற்காக 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு சந்திப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த உச்சி கூர்மையாகும், இதுதான் அந்த யோசனையின் உயிர்.

கூர்மையைக் கூட்ட வேண்டும் என்றால் அணு மெதுவாகப் போக வேண்டும். கற்றையில் அது நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறந்துவிடுகிறது. அதனால்தான் நீரூற்று வகைக் கடிகாரம் வந்தது. லேசர்களால் ஆறு பக்கமும் அமுக்கி, சீசியம் அணுக்களின் ஒரு சின்ன மேகத்தைத் தனிப்பூஜ்யத்துக்கு வெகு அருகில் குளிரவைத்து, மெல்ல மேலே எறிவார்கள். மேலே போகும்போது ஒரு முறை, புவியீர்ப்பில் திரும்பி விழும்போது ஒரு முறை அதே மைக்ரோவேவ் அறையைக் கடக்கும். நடுவில் கிட்டத்தட்ட அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை கிடைக்கிறது. கற்றையில் கிடைத்தது ஒரு நொடியின் நூறில், ஆயிரத்தில் சில பங்குதான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கருவி இதுதான், இவ்வளவு எளிமையான அசைவு, மேலே போய்க் கீழே வருவது, அதிலிருந்து இவ்வளவு துல்லியம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, யாரைக் கேட்கும்? யாரையும் கேட்காது. ஒவ்வொரு தொந்தரவையும் தனித்தனியாக எடுத்து, அது அதிர்வெண்ணை எவ்வளவு நகர்த்துகிறது என்று அளந்து, கழித்து, அந்தக் கழித்தலில் எவ்வளவு சந்தேகம் மிச்சம் இருக்கிறது என்று எழுதுவார்கள். காந்தப்புலத்தை வேண்டுமென்றே கூட்டிப் பார்த்து எவ்வளவு நகர்கிறது என்று குறிப்பார்கள். அணுக்களின் எண்ணிக்கையை மாற்றி ஓட்டி மோதலின் விளைவைப் பிடிப்பார்கள். சுவரின் வெப்பம் மட்டும், அறை வெப்பநிலையில், 100 லட்சம் கோடியில் 1.7 பங்கு நகர்த்துகிறது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2014-இல் அறிவித்த எஃப்2 நீரூற்றில் அணு பறக்கும் குழாயையே திரவ நைட்ரஜனால் சுமார் மைனஸ் 193 டிகிரிக்குக் குளிரவைத்தது இதற்காகத்தான். அந்தக் கடிகாரம் இருக்கும் போல்டர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஐன்ஸ்டீன் சொன்னபடி அங்கே நேரமே கொஞ்சம் வேகமாக ஓடும், ஆண்டுக்கு 5 மைக்ரோநொடிக்கு மேல். அதையும் கழித்தாக வேண்டும். இப்படி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் சந்தேகம் 1-க்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒன்றிரண்டு பங்கு. 30 கோடி ஆண்டில் எத்தனை நொடி இருக்கிறது என்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். பத்திரிகைகளில் வரும் வாக்கியம் இங்கிருந்துதான் வருகிறது. அது எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பே இல்லை. இன்றைக்கு இந்த நொடியின் நீளம் எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதைச் சொல்லும் ஒரு விதம்தான், அதை வருடங்களாக மாற்றி எழுதுவது குழப்பத்தைத்தான் கூட்டுகிறது என்பது என் கருத்து. உண்மையில் எந்த நீரூற்றும் 30 கோடி ஆண்டு வேண்டாம், 30 ஆண்டுகூட நிற்காமல் ஓடப்போவதில்லை.

---

மணிமுள் எழுதியது:

நன்றி, கழித்துக்கொண்டே போவது என்பது புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த தொந்தரவுகளைத்தானே கழிக்க முடியும்? தெரியாத ஒன்று எல்லாக் கடிகாரத்தையும் ஒரே மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தால் யாருக்குமே தெரியாதே?

---

அலைவரிசை எழுதியது:

இது ஆய்வகங்களே தங்களைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு வடிவமைப்பில் செய்த நீரூற்றுகளைச் செயற்கைக்கோள் வழியாகவும் ஒளியிழை வழியாகவும் ஒப்பிடுவது. பாரிஸ், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக், டெடிங்டன் என்று ஐரோப்பாவில் மட்டுமே சில இருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் தன் சந்தேகம் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும், ஒப்பிடும்போது வரும் வித்தியாசம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் யாரோ எதையோ விட்டுவிட்டார்கள். இதற்கு யுகக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே 16-ஆம் இலக்கத்தில் ஒரு வித்தியாசம் இருந்தால் ஒரு நாளில் சேருவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் சுமார் 9 பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 3 மில்லிமீட்டர் போகாது. ஆனாலும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஓடவிட்டுச் சராசரி எடுத்தால் அது பிடிபடுகிறது.

இரண்டாவது வழி இன்னும் அழகானது. எல்லாச் சீசியமும் சேர்ந்தே விலகினால்? அப்போது வேறு தனிமத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஸ்ட்ரான்ஷியம், இட்டர்பியம், அலுமினியம் அயனி இவையெல்லாம் மைக்ரோவேவில் அல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலோ புற ஊதாவிலோ தாவுகின்றன. ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்பு ஒளி நொடிக்கு 429 லட்சம் கோடி முறை அலைகிறது, சீசியத்தைவிட 46 ஆயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு வேகமான அலையை எந்த மின்சுற்றாலும் நேராக எண்ண முடியாது. ஹான்ஷ், ஹால் இருவருக்கும் 2005-இல் நோபல் வாங்கித் தந்த அதிர்வெண் சீப்பு என்னும் லேசர் நுட்பம் வந்த பிறகுதான் ஒளி அலையை மைக்ரோவேவோடு பல்சக்கரம் போல இணைக்க முடிந்தது. காந்தப்புலம், வெப்பம் எல்லாம் இந்த அணுக்களை நகர்த்தும் அளவு சீசியத்தை நகர்த்தும் அளவிலிருந்து வேறுபடும், அதனால் தெரியாத ஒரு தொந்தரவு இருந்தால் இவற்றின் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள விகிதம் கலையும். 2021-இல் போல்டரில் ஸ்ட்ரான்ஷியம், இட்டர்பியம், அலுமினியம் அயனி மூன்றின் விகிதங்களையும் 18 இலக்கம் அளவுக்கு வெளியிட்டார்கள். இதுவரை ஆண்டுக்கு ஆண்டு விகிதம் நகர்வதாக எதுவும் பிடிபடவில்லை.

கவனியுங்கள், விகிதத்தைச் சொல்ல நொடி என்ற அலகே தேவையில்லை. அதனால்தான் சீசியத்தால் வரையறுத்த நொடியின் துல்லியத்தைவிட நுட்பமாக அதை அளக்க முடிகிறது. இன்றைக்கு நொடியின் வரையறைதான் பின்தங்கி நிற்கிறது, ஒளிக் கடிகாரங்கள் அதைத் தாண்டி நூறு மடங்கு போய்விட்டன. வரையறையை மாற்றுவது பற்றிய பேச்சு தீவிரமாக நடக்கிறது, எந்த அணுவைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இழுபறி.

---

உயரமானி எழுதியது:

அந்த 18 இலக்கத்துக்கு என்ன பொருள் என்பதைச் சேர்த்துவிடுகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மீட்டர் உயர்த்தினால் கடிகாரம் 1-க்குப் பின்னால் 16 பூஜ்யத்தில் 1.1 பங்கு வேகமாகும். 2010-இல் நிஸ்டில் இரண்டு அலுமினியம் அயனிக் கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 செ.மீ. உயர்த்தி அந்த வித்தியாசத்தைக் கண்டார்கள். 2022-இல் அதே போல்டர் நகரில் இயற்பியலாளர் ஜுன் யேயின் குழு, ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள் அடுக்கிய ஒரே மேகத்துக்குள் மேலிருக்கும் அணுவுக்கும் கீழிருக்கும் அணுவுக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவில் நேரம் வேறாக ஓடுவதைப் பார்த்தது. 1971-இல் ஹாஃபலேயும் கீட்டிங்கும் சீசியம் கடிகாரங்களை விமானத்தில் உலகத்தைச் சுற்றிக் கொண்டுபோய்த்தான் இதைக் காட்ட வேண்டியிருந்தது.

இதன் விளைவு என்னவென்றால் இனிமேல் கடிகாரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சென்டிமீட்டரில் தெரிந்திருக்க வேண்டும், தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களின் உயர வித்தியாசத்தைக் கடிகாரத்தை வைத்தே அளக்கலாம் என்றும் ஆகிவிட்டது. நில அளவைக்காரர்கள் இதை ஆவலோடு கவனிக்கிறார்கள்.

---

நேரசர்வர் எழுதியது:

வேலை நிமித்தம் சர்வர்களின் நேரத்தைப் பார்த்துக்கொள்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மணிமுள் "அணுக் கடிகாரத்தில் போய் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறார். உண்மையில் ஒரே ஒரு கடிகாரத்தில் நிற்பதில்லை. உலகில் 80-க்கும் மேற்பட்ட ஆய்வகங்களில் இருக்கும் நானூற்றுச் சொச்சம் கடிகாரங்களின் அளவுகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கும் பிஐபிஎம் என்னும் சர்வதேச எடை அளவு அலுவலகத்துக்குப் போகின்றன. ஒழுங்காக ஓடும் கடிகாரத்துக்கு அதிக எடை, தடுமாறுவதற்குக் குறைந்த எடை என்று ஒரு சராசரி எடுத்து, அதன் வேகத்தை நீரூற்றுகளை வைத்துச் சரிசெய்கிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை வரும், உங்கள் கடிகாரம் போன மாதம் இந்தத் தேதியில் இத்தனை நானோநொடி விலகியிருந்தது என்று. அதாவது உலகத்தின் நேரம் எது என்பது நேரம் கடந்த பிறகுதான் முடிவாகிறது! அதுவரை ஒவ்வொரு நாட்டு ஆய்வகமும் தன் ஊகத்தில் ஓட்டுகிறது, நல்ல ஆய்வகங்கள் சில நானோநொடிக்குள் பிடித்துவிடுகின்றன.

அதற்குக் கீழே வரும்போதுதான் நிஜமான இழப்பு. என்டிபி (இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும் முறை) வழியே நேரம் கேட்கும்போது, கேள்வி போன நேரம், சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்த நேரம் என்று நான்கை வைத்து, போக வர ஆன பயண நேரத்தைப் பாதியாக்கிக் கணக்கிடுகிறார்கள். போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. போக 10 மில்லிநொடி, வர 50 மில்லிநொடி ஆனால் 20 மில்லிநொடி பிழை, அதை உங்கள் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. உச்சியில் 16 இலக்கம் சரியாக இருந்தாலும் கடைசி மைலில் மூன்று இலக்கம்கூட நிச்சயமில்லாமல் வந்து சேர்கிறது.

லீப் செகண்டையும் சொல்லிவிட வேண்டும். பூமி சீராகச் சுற்றுவதில்லை, அணு நேரம் சீராகப் போகிறது. அதனால் 1972 முதல் 27 முறை ஒரு நொடியைச் சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31-இல். 2012 ஜூனில் சேர்த்தபோது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஒரு குறையால் உலகம் முழுக்க நிறைய சர்வர்கள் திணறின. இது போய்த் தொலையட்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். 2022-இல் உலக நாடுகள் கூடி, 2035-க்குள் இந்த ஏற்பாட்டை மாற்றி, பூமிக்கும் கடிகாரத்துக்கும் ஒரு நொடியைவிட அதிக இடைவெளியை அனுமதிப்பது என்று முடிவு செய்துவிட்டன.

---

படிகம்32768 எழுதியது:

ஜிபிஎஸ்ஸை யாரும் சொல்லவில்லையே. இணையத்தைவிட நல்ல நேரம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம், பெரும்பாலும் ருபீடியம். ஒரு நானோநொடி பிசகினால் தூரத்தில் 30 செ.மீ. பிசகும், அதனால் அவர்களுக்கு வேறு வழியில்லை. 20,200 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி வேகமாகும், வேகமாகப் பறப்பதால் 7 மைக்ரோநொடி மெதுவாகும், மொத்தத்தில் 38 மைக்ரோநொடி முந்தும். அதைச் சரிக்கட்ட ஏவுவதற்கு முன்பே அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள்.

---

மணிமுள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விகிதத்துக்கு அலகே வேண்டாம் என்று அலைவரிசை எழுதிய இடத்தில்தான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. கடைசியாக ஒன்று, வீட்டில் இருந்தபடி ஜிபிஎஸ்ஸிலிருந்து நல்ல நேரம் எடுக்க முடியுமா? எந்த அளவுக்குக் கிடைக்கும்?

---

நேரசர்வர் எழுதியது:

தாராளமாக. ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கும்போது நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பின் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள், பிபிஎஸ் என்று எழுதியிருக்கும். அது இல்லாத யுஎஸ்பி மாடல்களில் நேரம் எழுத்தாக மட்டும்தான் வரும், அது எப்போது வந்து சேரும் என்பது பல மில்லிநொடி ஆடும். பின் இருந்தால் ராஸ்பெர்ரி பை என்னும் சின்னக் கணினியின் ஜிபிஐஓ இணைப்புப் பின்களில் இணைத்து, கெர்னலில் பிபிஎஸ் ஆதரவை இயக்கி, கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரலுக்கு அதை மூலமாகக் கொடுங்கள். சில மைக்ரோநொடிக்குள் வந்துவிடும். ஆன்டெனாவுக்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும், ஜன்னலோரம் வைத்தால் சுவரில் பட்டு வரும் சிக்னல் கெடுக்கும். ஆன்டெனா கேபிளில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 நானோநொடி தாமதம் உண்டு, மைக்ரோநொடி போதும் என்றால் அதை விட்டுவிடலாம், நானோநொடிக்குப் போக நினைத்தால் ரிசீவரின் அமைப்பில் அந்தத் தாமதத்தைக் கொடுக்க இடம் இருக்கும். அப்புறம், ஜிபிஎஸ் நேரம் லீப் செகண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை, இப்போது உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. ரிசீவரை இயக்கியவுடன் சில நிமிடங்கள் அந்தத் திருத்தம் வந்து சேராமல் நேரம் நொடிக்கணக்கில் தள்ளி இருக்கலாம், முதல் கால் மணி நேரம் வருவதை நம்பாதீர்கள்.